ஆமைக்கு ஒரு மெத்தை

எங்கள் குஷன் கடையில் மனிதர்கள் யாரும் உட்காரக் கூடாத ஒரு மெத்தை இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மிச்ச நுரையை வெட்டி, பச்சை ரெக்சின் போட்டு, ஓரத்தில் பைப்பிங் கயிறு வைத்துத் தைத்தது. தைத்தது நான்தான், அதனால் தையலைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அக்காவின் வெட்டு மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டிக் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பூனை வளர்க்கிறீங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க, ஆமை," என்பார் அக்கா.

அவர்கள் குனிந்து தேடுவார்கள். ஆமை கண்ணில் படாது. சிலர் சிரிப்பார்கள், சிலர் அவசரமாக அளவைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். தெருவில் அவருக்கு 'ஆமை அக்கா' என்றே பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்கிறோம் என்று தெருக்காரர்களுக்கு நினைப்பு. அக்காவோ, யாராவது மெதுவாகச் சொன்னால்கூட, "என்ன, கூப்பிட்டீங்களா?" என்று திரும்பி நிற்பார். சொன்ன ஆள் வழிய வேண்டியதுதான்.

கடை அவர்களுடைய அப்பா வைத்தது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தார், தங்கை பின்கட்டில் வேலையில் நின்றார். சோபாவைப் பிரிப்பது, ஸ்பிரிங் கட்டுவது, துணி வெட்டுவது, இழுத்து அடிப்பது எல்லாம் அக்கா. கவர் தைப்பது நான். அக்கா ஆணி அடிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கை ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலின் நுனியில் ஒட்டவைத்து, துணியின் விளிம்பில் டக் டக்கென்று இறக்குவார். வாயில் ஆணி இருக்கும்போது அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. அண்ணன் ஏதாவது கசப்பான சங்கதி சொல்ல வேண்டுமென்றால் அந்த நேரமாகப் பார்த்துத்தான் பின்கட்டுக்கு வருவார். கெட்டிக்காரர்.

ஆமை வந்த கதையை அக்காவே எனக்குச் சொன்னார். அப்போது அவருடைய மகளுக்கு நான்கு வயது. கணவர் அதற்கு முன்னாலேயே வேறு குடித்தனம் போயிருந்தார்; அந்த ஆளுக்கு இதற்கு மேல் ஒரு வரிகூடச் செலவு செய்ய எனக்கு இஷ்டமில்லை. ஒரு நாள் அக்கா படுத்தார். ஜுரம் இல்லை, அடிபடவும் இல்லை. படுத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தலை வாரவில்லை. குழந்தையை அண்ணி வந்து குளிப்பாட்டினார். அண்ணன் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, தெருவில் கேட்டவர்களிடம் டைபாய்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாகவா டைபாய்டு என்று ஒருத்தர் கேட்டதற்கு, "திரும்பத் திரும்ப வருது," என்றாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் அண்ணனுக்கு இணையே கிடையாது. ஆனால் ஒரு நாள்கூடச் சாப்பாடு தவறியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப் படுத்திருந்த ஒரு நாள் குழந்தை கட்டில் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள்.

"அம்மா, ஏன் எந்திரிக்க மாட்டேங்கிற?"

"என் மேல ஒரு ஆமை ஏறி உக்காந்திருக்குடா கண்ணு. ரொம்பப் பெருசு."

வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். குழந்தை கொஞ்ச நேரம் அம்மாவின் நெஞ்சையே பார்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது கையில் முட்டைக்கோஸ் இலை ஒன்று. அதை அம்மாவின் நெஞ்சில் வைத்து, "ஆமை, இதைச் சாப்பிட்டுட்டு எறங்கு. எனக்குத் தலை பின்னணும்," என்றாளாம்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியில் அழுகையாகவும் ஆகியிருக்கிறது. சாயங்காலம் வாடிப்போன அந்த இலையைக் குப்பையில் போடுவதற்காக எழுந்தார். எழுந்தவர் மகளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் மறுபடி படுத்தார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் போனதும், மாத்திரை ஆரம்பித்ததும், மெதுமெதுவாகக் கடைக்குத் திரும்பியதும் நடந்தது. மாத்திரையை இன்றைக்கும் காலையில் எல்லோருக்கும் எதிரில்தான் போட்டுக்கொள்வார். "ஆமையைக் கொல்றதுக்கா இது?" என்று ஒருமுறை கேட்டேன். "சீ! அது நடக்கிறதுக்குக் கொஞ்சம் தெம்பு," என்றார். அவர் பார்வையில் ஆமை கெட்டதே இல்லை. "அதுக்கு எங்க உக்காருறதுன்னு தெரியலடி. அதான் என் மேல உக்காருது. ஒரு இடம் போட்டுக் குடுத்தா எறங்கி உக்காரும்." குஷன்காரி அல்லவா? உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் உட்கார இடம் கொடுக்கத்தான் தோன்றும். அப்படித்தான் அந்தப் பச்சை மெத்தை வந்தது.

இரண்டாவது ஒன்று உண்டு. அது அணில். பஸ் கதவு மூடினால், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல், அக்காவின் நெஞ்சுக்குள் ஓட ஆரம்பிக்கும். விரல் நடுங்கும், மூச்சு சின்னதாகும். "அணிலுக்கு மெத்தை போட்டு என்ன பண்றது? அது உக்காருமா? அதுக்கு வேலை குடுக்கணும்," என்பார்.

ஆகவே எங்கள் கடையில் காலையில் ஒரு கேள்வி உண்டு. கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் நான் கேட்பேன்: "அக்கா, இன்னைக்கு யார் கூட?"

ஆமை என்றால் அன்றைக்குப் பழைய சோபாக்களைப் பிரித்து ஆணி பிடுங்குகிற வேலை. எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் அந்த வேலை கெடாது. அணில் என்றால் ஸ்பிரிங் கட்டுகிற வேலை. கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, அடுத்த சுருளுக்கு ஓடி, மறுபடி இழுக்க வேண்டும். நடுங்குகிற விரலும் முடிச்சில் நிதானத்துக்கு வந்துவிடும். தனியாக வந்திருக்கிறேன் என்று சொல்கிற நாளில்தான் துணி வெட்டுவது. அவசரமாக வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அணில் நாளில் நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். சாக்பீஸ் குறியை நான் சத்தமாகப் படிக்க, அக்கா திருப்பிச் சொல்லிவிட்டுக் கத்தரியை வைப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு துணி வீணானது கிடையாது.

அண்ணனுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. "கடையா, மிருகக்காட்சி சாலையா?" என்று முணுமுணுப்பார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற கதை என்பார். அக்கா அதைச் சும்மா விட்டதில்லை. ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா, "காதுல ஏதாவது குரல் கேக்குதா?" என்று கேட்டார்.

"கேக்குது டாக்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். 'உன்னால ஆகாது, நீ சும்மா இரு, நாலு பேர் என்ன நினைப்பாங்க'ன்னு."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "யார் குரல்னு தெரியுதா?"

"நல்லாவே தெரியுது. எங்க அண்ணன் குரல். கல்லாவுல உக்காந்திருக்கார்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் கடைக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு கலையரங்கம், அதன் நாற்காலிகள் முழுவதற்கும் புதுத் துணி. கருஞ்சிவப்பு வெல்வெட். அண்ணன் நடையாய் நடந்து பிடித்த ஆர்டர். அரங்கத்து மேலாளர் ஓர் அம்மா, வேலை நடக்கும் வாரம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். எவனோ அந்த அம்மாவின் காதில், 'அந்தக் கடையில் ஒரு மாதிரியான பொம்பளை இருக்காளாமே' என்று போட்டுவிட்டிருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதைக் கேள்விப்பட்ட அண்ணன் பின்கட்டுக்கு வந்தார். அக்கா வாயில் ஆணி இருந்தது.

"இங்க பாரும்மா. இந்த ஒரு வாரம் ஆமையும் வேணாம், அணிலும் வேணாம். யாராவது கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லு. அவ்வளவுதான். இந்த வேலை முடியட்டும். அப்புறம் வெட்டுறதுக்கு ஒரு ஆளைப் போட்டுடலாம். நீ வீட்ல நிம்மதியா இரு. உன் பங்கு மாசாமாசம் வந்துடும்."

சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்த பச்சை மெத்தையை எடுத்து, ஏணி வைத்து ஏறி, பரணில் பழைய நுரை மூட்டைகளுக்குப் பின்னால் வீசினார். அக்கா ஆணியைத் துப்புவதற்குள் அவர் கல்லாவுக்குப் போய்விட்டிருந்தார்.

'வீட்டில் இரு' என்பது கேட்க எவ்வளவு இதமான வார்த்தை! அக்காவுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். மகள் வெளியூரில் படிக்கிறாள். அந்த வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான் துணை. "அங்க உக்காந்தேன்னா ஆமை எறங்கவே எறங்காதுடி," என்று அன்று மதியம் சாப்பிடும்போது சொன்னார். கண் கலங்கியிருந்தது. "என்னை நிக்க வைக்கிறது இந்த மேசைதான்." எனக்குக் கல்லாப்பெட்டியைத் தூக்கி அண்ணன் தலையில் போடலாம் போல இருந்தது.

ஆனாலும் மேசை போய்விடுமோ என்ற பயத்தில் அக்கா அந்த வாரம் அடங்கிப் போனார். காலையில் நான் கேட்டால், கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தனியாத்தான்," என்பார். தனியாக என்று சொன்னால் நான் என் மெஷினில் உட்கார்ந்து என் தையலைப் பார்ப்பேன். அதுதானே வழக்கம்?

இங்கே வெல்வெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பூனை முதுகு மாதிரி முடி உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்து நிறம் கறுக்கும். எல்லா நாற்காலியிலும் முடி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அதனால் வெல்வெட்டை மடித்துப் போட்டு இரண்டிரண்டாக வெட்டவே கூடாது. மடித்தால் மேல் துணியின் முடி முன்னால் பார்க்கும், அடித்துணியின் முடி பின்னால் பார்க்கும். குஷன் வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

அக்கா மடித்து வெட்டிவிட்டார்.

நாங்கள் அதைக் கண்டுபிடித்தது மறுநாள் காலையில். நான் தைத்துக் கொடுத்த முதல் சில கவர்களை அக்கா நாற்காலிகளில் இழுத்து அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தோம். ஒன்று சிவப்பு, அடுத்தது கருஞ்சிவப்பு, மறுபடி சிவப்பு. கையால் தடவிப் பார்த்தேன். பாதி நாற்காலிகள் என் கையை எதிர்த்தன. சீட்டுத் துணி முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும், திருப்பிப் போட்டும் சரி செய்ய முடியாது. வெட்டி அடுக்கியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தோம். அதிலும் சரி பாதி தப்பு.

அண்ணன் வந்தார். பார்த்தார். ஒன்றும் புரியாத முகத்துடன் இரண்டு நாற்காலியையும் தடவினார், பிறகு புரிந்தது. அதற்குள் அக்கா அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டு வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டிருந்தார். நிதானம் தப்பினால் ஆணி அடிப்பது அவர் பழக்கம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று அண்ணன் ஆரம்பித்தார். குரல் தெருவுக்கே கேட்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஆமைக்கு மெத்தையாம், அணிலுக்கு வேலையாம்! இப்ப பாரு, என் மானமே போச்சு. போதும்மா. நாளையிலிருந்து நீ வீட்ல இரு."

அக்கா சுத்தியலை வைத்தார். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, ஆணிகளை ஒவ்வொன்றாகத் துப்பினார். டிக். டிக். டிக். அவசரமே இல்லை. அண்ணன் கத்துவதை நிறுத்தி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆணியும் வந்தது.

"நேத்து அணில் வந்திருந்துச்சு அண்ணா," என்றார் அக்கா. "காலையில கண்ணு முழிச்சப்பவே வந்துடுச்சு. நீ சொன்னேன்னு இல்லைன்னு சொன்னேன். இவகிட்டயே பொய் சொன்னேன். அது உள்ள ஓடுது, சீக்கிரம் சீக்கிரம்னுது. நான் மடிச்சுப் போட்டு வெட்டிட்டேன். இத்தனை வருஷமா அதுங்களைக் கூட வச்சுக்கிட்டு வெட்டினேன், ஒரு துண்டு வீணாச்சா? ஒரே ஒரு வாரம் நீ ஒளிச்சு வைக்கச் சொன்ன. பாதி துணி போச்சு."

"அப்ப தப்பு என் மேலயா?"

"வெட்டினது நான். தப்பு என்னுது. ஆனா வீட்ல இருன்னு சொல்றியே, அதைக் கேக்க மாட்டேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா? அந்த ஆமை மூணு மாசம் என் நெஞ்சு மேல உக்காந்திருந்துச்சு. அதுகூட ஒரு நாள் இந்தக் கடையை விட்டுப் போன்னு என்னைச் சொன்னதில்லை. நீ யாரு சொல்ல?"

நான் கைதட்டாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த நேரம் பார்த்து வாசலில் அரங்கத்து மேலாளர் வந்து நின்றதுதான். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. அண்ணனின் முகத்தில் ஸ்விட்ச் போட்ட மாதிரி சிரிப்பு வந்தது. "வாங்க மேடம், வாங்க! வேலை அருமையா போயிட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டே நாற்காலிகளுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். நாற்காலி வரிசையை ஒரு மனிதன் உடம்பால் மறைக்க முடியுமா? அவர் முயற்சி செய்தார்.

"கொஞ்சம் நகரு அண்ணா," என்றார் அக்கா. "மேடம், பாதி சீட் தப்பா வெட்டிட்டேன். வாங்க, தடவிப் பாருங்க."

மேலாளர் குனிந்து தடவினார். முகம் கடுகடுவென்று ஆனது. "யார் வெட்டினது?"

"நான்தான்."

"எப்படி இந்தத் தப்பு?"

ஏதாவது சமாளித்துச் சொல்லிவிடக் கூடாதா என்றுகூட எனக்கு இருந்தது. அக்கா சமாளிக்கவில்லை. தன்னுடையது மனசுக்கு மருந்து சாப்பிடுகிற உடம்பு என்று சொன்னார். அணிலைச் சொன்னார், ஆமையைச் சொன்னார். காலையில் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பிரித்துக்கொள்வதைச் சொன்னார். நேற்று சொல்லாமல் மறைத்ததையும் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு நேரத்துக்குச் சீட் வருமா?"

"வரும். தப்பா வெட்டினதை ஓரம் கழிச்சு முதுகுப் பலகைக்குப் பின்பக்கம் போட்டுடுவோம். அங்க எல்லாம் ஒரே பக்கம் பாக்கும், வித்தியாசம் தெரியாது. பின்பக்கத்துக்குன்னு வச்சிருந்த துணியில சீட் வெட்டிடறேன். சரியா இருக்கும். கட்டைப் பிரிச்சப்பவே அளந்து பாத்துட்டேன்."

"மறுபடி அந்த அணில் வந்தா?"

"வந்தா சொல்லுவேன். சொன்னா தப்பு வராது."

மேலாளர் ஒரு நொடி அக்காவையே பார்த்தார். அணைத்துக்கொள்ளவில்லை, கண் கலங்கவில்லை, எனக்கும் இப்படித்தான் என்று தன் கதை எதையும் எடுக்கவில்லை. "அப்ப சொல்லிட்டு வெட்டுங்க," என்றார். "ஆமை, முயல் எல்லாம் உங்க பாடு. சீட் ஒரே நிறத்துல வரணும்." கைப்பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

இவ்வளவுதான். இத்தனை வருஷமாக அண்ணன் யாருக்குப் பயந்து டைபாய்டு என்றாரோ, யார் என்ன நினைப்பார்களோ என்று நடுங்கினாரோ, அந்த நாலு பேரில் ஒருத்தர் வந்து, கேட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து தலைகளும் அங்கேயே நின்றன.

"அண்ணா," என்றார் அக்கா. "ஏணியை எடு."

"எதுக்கு?"

"மேல போட்டது யாரு? நீதானே. நீதான் எறக்கணும்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏணியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சட்டைக் கைகளை மடிப்பதும் இறக்குவதுமாக நின்றார். பிறகு ஏணியைப் பரணில் சாய்த்து ஏறினார். நுரை மூட்டைகளை நகர்த்தித் தேடிப் பச்சை மெத்தையை எடுத்தார். தூசி. கையை ஓங்கி ஓர் அடி அடித்துத் தட்டப் போனார்.

"மெதுவா!" என்றார் அக்கா கீழேயிருந்து. "அதுக்கு உள்ளங்கை போதும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் அந்த மெத்தையை உள்ளங்கையால் துடைத்தார். சாப்பாட்டு டப்பாவை ஏந்தி வருகிற மாதிரி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். டைபாய்டு நாட்களிலும் இப்படித்தான் அக்கா வீட்டு மாடி ஏறிப் போயிருப்பார் போலிருக்கிறது.

அக்கா அதற்குள் நாற்காலிக்குத் திரும்பி, உள்ளங்கையிலிருந்த ஆணிகளையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். அண்ணன் வெட்டு மேசைப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். மெத்தையைச் சுவரோரமாக வைத்தார். திருப்தியில்லாமல் எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இங்க வைக்கவா?" என்று கேட்டார். "இல்ல, அதுக்கு ஜன்னல் பக்கமா இருக்கணுமா?"

அக்கா வாய் நிறைய ஆணியோடு, சுத்தியலை நீட்டி இடத்தைக் காட்டினார்.